கொழும்பு சாஃப் 17: நம்ம கரைப் பையன்கள் அந்த வயதில் எங்கே போகிறார்கள்?

பாம்பன்_பாலத்தடி | 28 செப்டம்பர் 2025

நேற்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடந்த சாஃப் (தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) 17 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டத்தை யார் யார் பார்த்தீர்கள்? இந்தியா, வங்கதேசம். 2-1 என்று நாம் முன்னால் இருந்தோம். இஞ்சுரி டைமும் முடியப் போகிறது, சரி அவ்வளவுதான் என்று டீக்கடையில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சமன் செய்தார்கள். எழுந்தவர்கள் எல்லாம் திரும்பி உட்கார்ந்தார்கள். பெனால்டியில் 4-1 என்று கோப்பை நமக்கு. 2013, 2017, 2019, 2022, 2023, 2024, இப்போது 2025 என்று இந்தப் பிரிவில் இது ஏழாவது பட்டம். நடுவில் வயது வரம்பை 15, 16, 17 என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள், போட்டி என்னவோ ஒன்றுதான்.

எனக்கு ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து நேர்கோடு போட்டுப் பார்த்தால் கொழும்பு ஏறக்குறைய 270 கிலோமீட்டர். சென்னை 430ஐத் தாண்டும். ஒரு சர்வதேசப் போட்டி வாசல் வரைக்கும் வந்து நடக்கிறது. 2022லும் இதே மைதானத்தில்தான் நடந்தது. ஆனால் நம்ம கரையில் அந்த வயதில் ஒருவனைக் காட்டி ‘இவனை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்’ என்று சொல்ல என்னால் முடியவில்லை.

பையன்கள் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கம் மணலில் சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த வலையைக் கட்டி, தினமும் சாயங்காலம் கூட்டம் கூட்டமாக ஆடுகிறார்கள். எல்லாம் பத்து, பதினொன்று வயது. அதே கூட்டத்தைப் பதினாறு வயதில் தேடினால் ஆளைக் காணோம். எங்கே போகிறார்கள்?

செவன்ஸ்_பைத்தியம்

மீன்பிடிப் போட்டில் இருக்கிறார்கள் அண்ணே. வேறு எங்கே?

காக்கா_கீழக்கரை

நான் வியாபார விஷயமாகக் கொழும்பில்தான் இருக்கிறேன், நேற்று நேரிலேயே பார்த்தேன். ரேஸ்கோர்ஸ் என்றால் பெயருக்கு ஏற்ற மாதிரி பழைய குதிரைப் பந்தய மைதானம். இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுதளமாகக் கூட இருந்திருக்கிறது. பழைய பார்வையாளர் கட்டடம் அப்படியே நிற்கிறது, கீழே எல்லாம் கடைகள்.

கோல்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது வேறு. நம்ம நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன், பந்து அவனிடம் வருவதற்கு முன்னால் இடது தோள் பக்கம் ஒரு பார்வை, வலது தோள் பக்கம் ஒரு பார்வை. பந்து இன்னும் வேறு எவன் காலிலோ இருக்கிறது. இவன் அதற்குள் பின்னால் யார் நிற்கிறான், எங்கே இடம் கிடக்கிறது என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டான். பந்து வந்ததும் ஒரே தொடல், உடம்பு ஏற்கெனவே திரும்பியிருக்கிறது. ஆட்டம் முழுக்க அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நம்ம பையன்களிடம் ஓட்டம் இருக்கிறது, ஷாட் இருக்கிறது, பயமும் கிடையாது. அந்தக் கழுத்து மட்டும் இல்லை. பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் ஆடியே வளர்கிறவனுக்கு அது தேவைப்படுவதே இல்லை. சின்ன இடம், எல்லாரும் கண் முன்னால். பந்து வந்தால் ஒருவனைத் தாண்டி அடித்துவிட்டால் போதும்.

செவன்ஸ்_பைத்தியம்

காக்கா, செவன்ஸைக் குறை சொல்லாதீர்கள். ராத்திரி லைட் போட்டு, மைக் கட்டி, ஊரே வந்து உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம் அது ஒன்றுதான். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கே போனாலும் அதற்குத்தான் கூட்டம். பதினோரு பேர் ஆட்டத்துக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம்.

காக்கா_கீழக்கரை

குறை சொல்லவில்லை தம்பி. நானும் அதில் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவன்தான். பரிசுப் பணம் வைத்த செவன்ஸில் பதினைந்து வயதுப் பையனை எந்த டீம் எடுக்கும்? வெளியூரிலிருந்து பணம் கொடுத்து ஆள் இறக்குவார்கள். நம்ம பையன் பந்து பொறுக்கிப் போடுவான்.

பி.இ.டி_வாத்தியார்

இந்த மாவட்டத்தில் பல வருடங்களாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘போட்டில் இருக்கிறார்கள்’ என்பது உண்மை, ஆனால் அது கடைசியில் நடப்பது. அதற்கு முன்பே வேறு ஒன்று நடந்துவிடுகிறது. பதினாறில் இந்திய ஜெர்சி போடுகிறவன் பதினாறில் கண்டுபிடிக்கப்பட்டவன் இல்லை. பதினொன்று, பன்னிரண்டிலேயே ஏதோ ஒரு விடுதிக்கோ அகாடமிக்கோ போய்ச் சேர்ந்தவன். தினமும் புல்லில், பூட்ஸ் போட்டு, அதே வயதுக்காரனோடு மோதி வளர்ந்தவன். நம்மிடம் அந்த வயதுக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கு சுப்ரோத்தோ கோப்பை இருக்கிறது, முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. இரண்டும் நல்ல போட்டிகள். ஆனால் மாவட்ட அளவில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் அந்த வருடம் அவ்வளவுதான். ஒரே ஒரு ஆட்டம்! இரண்டு மாதம் பயிற்சி எடுத்து, ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி அரங்கத்துக்கு வேன் பிடித்துப் போய், மதியத்துக்குள் திரும்பி வருகிறோம். லீக் என்று ஒன்று இருந்தால் தோற்றாலும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு.

அடுத்தது பிறந்த தேதி. 17 வயதுக்குட்பட்ட போட்டி என்றால் குறிப்பிட்ட ஆண்டின் ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம். ஆகவே ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயது என்று கணக்கு. பதினேழில் அது பெரிதாகத் தெரியாது. பன்னிரண்டு வயதில் பதினோரு மாதம் என்பது ஒரு சாண் உயரம். தேர்வுக்கு வருகிறவர்கள் உயரமாக இருப்பவனை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இது உலகம் முழுக்க நடக்கிற கூத்து, நம்மூர் வியாதி இல்லை.

நம்மூர் வியாதி என்னவென்றால், ஒன்றாம் வகுப்பில் சீக்கிரம் சேர்ப்பதற்காகத் தேதியை முன்னால் தள்ளிப் போடுவது. இப்போது பிறப்புச் சான்று இருப்பதால் குறைந்துவிட்டது. ஆனாலும் என் கையில் இருந்த நல்ல கோல்கீப்பர் ஒருவன், நவம்பரில் பிறந்தவன், காகிதத்தில் அதே வருடம் மே மாதம் என்று இருந்தது. பல் முளைக்கிற வயதில் யாரோ எழுதியது, தேர்வு வரைக்கும் கூடவே வந்தது.

எக்ஸ்ரே_அறை

வாத்தியார் சொன்னதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிதம் மட்டும் போதாது, எலும்பும் சாட்சி சொல்ல வேண்டும். நம்ம கால்பந்துக் கூட்டமைப்பு இளையோர் போட்டிகளுக்கு டி.டபிள்யூ.3 என்ற முறையை வைத்திருக்கிறது. டேனர், வைட்ஹவுஸ் என்ற இருவர் பெயரில் வந்த முறை. இடது கை, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து ஒவ்வொரு எலும்பும் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். ஃபிஃபா 2009லிருந்து 17 வயது உலகக் கோப்பைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. மணிக்கட்டில் ஆர எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு முழுக்க மூடியிருந்தால் அந்தப் பையன் 17ஐத் தாண்டியவன் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம், எலும்புக்குக் காலண்டர் தெரியாது. சிலருக்குச் சீக்கிரம் முதிரும். உண்மையிலேயே பதினாறு வயதுக்காரன் பெரியவன் என்று முத்திரை வாங்கி வீட்டுக்குத் திரும்புவதும் அரிதாக நடக்கும். ஆனால் வயதை மறைத்து இருபதைப் பதினேழாக்கி விளையாடிய காலத்தை நினைத்தால் இது எவ்வளவோ தேவலை.

தங்கச்சிமடம்_வல்லம்

எல்லாரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். அப்பன் பக்கத்திலிருந்து நான் ஒன்று கேட்கிறேன். என் மகனுக்குப் பதினான்கு வயது. நன்றாக ஆடுவான், நானே சொல்லக் கூடாது. அவனை விடுதியில் விட்டால் மூன்று வருடம் கழித்து என்ன? கோப்பை வாங்கிய பையன்கள் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்த ஜூலையில் நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். பெரிய ஆட்டக்காரனுக்கே சம்பளம் வருமா என்று தெரியாத நேரம். கடலில் அப்படி என்ன கொட்டுகிறது என்று கேட்காதீர்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை, இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனால் போட்டும் போச்சு. நம்ம ஆட்கள் கொழும்பைப் பார்ப்பது வெலிக்கடை ஜெயில் ஜன்னல் வழியாகத்தான். ஆனால் போட்டுக்குப் போனால் சாயங்காலம் பங்கு என்று ஏதாவது கைக்கு வரும்.

மட்டுறுத்துநர்

அரசியல் பக்கம் போக வேண்டாம், தயவுசெய்து.

தங்கச்சிமடம்_வல்லம்

இது அரசியல் இல்லை அண்ணே, எங்கள் வீட்டு வரவு செலவு.

தொண்டி_லெஃப்ட்பேக்

வல்லம் அண்ணனுக்குப் பாதி பதில் என்னிடம் இருக்கிறது. 2022இல் கொழும்பில் கோப்பை வாங்கிய அணியில் கோரூ சிங் என்று ஒரு மணிப்பூர்ப் பையன். இறுதி ஆட்டத்தில் கோலும் போட்டான். அடுத்த சில வருடத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக ஐ.எஸ்.எல். ஆடினான். ஆக வழி இருக்கிறது. ஆனால் அந்த அணியில் இருந்த எல்லாருக்கும் அப்படி நடக்காது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம் என்று தமிழ்நாட்டில் இருக்கிறது, அதற்குத் தேசிய அளவில் ஆடியிருக்க வேண்டும், சும்மா செவன்ஸ் சான்றிதழைக் காட்டினால் சிரிப்பார்கள்.

2022 அணியைப் பற்றிப் பேசும்போது ஒன்று. குரூப்பில் நேபாளத்திடம் 1-3 என்று வாங்கினார்கள். இறுதியில் அதே நேபாளத்துக்கு 4-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு ஆட்டம் தோற்றால் வேன் ஏறி வீட்டுக்கு வருகிற நம்ம முறையில் அப்படி ஒரு அணி உருவாகவே முடியாது. வாத்தியார் சொன்ன லீக் விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

உச்சிப்புளி_எக்ஸ்பிரஸ்

என்ன லீக் வைத்தாலும் வடகிழக்குப் பையன்களை நம்மால் முந்த முடியாது. அவர்கள் உடம்புவாகு வேறு. மலைக்காற்று.

பி.இ.டி_வாத்தியார்

அந்தப் பேச்சை விடுங்கள் தம்பி. 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயது உலகக் கோப்பைக்கு நாம் அனுப்பிய 21 பேரில் எட்டுப் பேர் மணிப்பூர். தமிழ்நாட்டிலிருந்து ஒருவரும் இல்லை. உலகக் கோப்பையில் இந்தியாவின் ஒரே கோலை, கொலம்பியாவுக்கு எதிராக அடித்த ஜீக்சன் சிங்கும் மணிப்பூர்தான். சரி, ஆனால் காற்றா காரணம்? அங்கே ஒவ்வொரு ஊருக்கும் மைதானம், கிளப், சின்ன வயதுப் போட்டி. குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் போய்ப் பாருங்கள். அதே கடல், அதே மீன்பிடி, அதே மணல். அங்கே ஊருக்கு ஊர் கிளப் வைத்துத் தலைமுறையாக ஆடி, மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபிக்கும் ஐ.எஸ்.எல்.லுக்கும் ஆள் அனுப்புகிறார்கள். ஐ.எஸ்.எல். ஆடிய மைக்கேல் சூசைராஜ் அந்தக் கரைதானே? மலைக்காற்று எங்கே வந்தது?

உச்சிப்புளி_எக்ஸ்பிரஸ்

தூத்தூரை மறுக்க முடியாது, சரி.

மன்னார்க்காரன்

வணக்கம் அண்ணாமார். அக்கரையிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கத்தில் உதைபந்தாட்டம்தான் முதல் விளையாட்டு, கிரிக்கெட் எல்லாம் பிறகு. ஆனால் எங்களுக்கும் தலைவலி குறைவில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா எங்கட சம்மேளனத்தையே இடைநிறுத்தி வைத்தது. அந்த வருடம் பெங்களூரில் நடந்த பெரியவர்களின் சாஃபில் இலங்கை இல்லாமலே போட்டி நடந்தது. அதிகாரிகளின்ட சண்டைக்கு விளையாடுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

1984 வரைக்கும் ராமேஸ்வரம், தலைமன்னார் கப்பல் ஓடியது. அது இப்ப ஓடினால் உங்கட 15 வயது அணியை இங்கே கூட்டி வந்து எங்கட பெடியளோடு விளையாட விடலாம். இப்ப நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல்தான் இருக்கிறது. சுற்றுத்தான், ஆனால் விமானத்தை விட மலிவு.

செவன்ஸ்_பைத்தியம்

மன்னார் அண்ணே, வந்தால் சாப்பாடு உண்டா?

மன்னார்க்காரன்

கூழ் தருவோம். நண்டு போட்டு.

மண்டபம்_லாத்தா

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான் ஆரம்பிக்கிறேன். மதுரை சேது எஃப்.சி. 2018-19இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழ்நாடு பெண்கள் அணி தேசியப் பட்டத்தை இரண்டு தடவை வாங்கியிருக்கிறது. ஆண்களை விட நம்ம மாநிலப் பெண்கள்தான் இந்த ஆட்டத்தில் முன்னால் இருக்கிறார்கள் என்று நான் சொன்னால் யாருக்கும் கோபம் வரக் கூடாது.

சாஃப் பெண்கள் 19 வயது இறுதி, 2024 பிப்ரவரி, டாக்கா, பார்த்தீர்களா? இந்தியா ஒன்று போட்டு முன்னால் இருந்தது, அங்கேயும் இஞ்சுரி டைமில் வங்கதேசம் சமன் செய்தது (இவர்களுக்கு அது ஒரு பழக்கம் போல). பெனால்டி 11-11 வரைக்கும் போனது, கோல்கீப்பர்கள் வரை எல்லாரும் அடித்து முடித்தார்கள். அதற்கு மேலும் அடிக்க விட்டிருக்க வேண்டும். விடாமல் நாணயத்தைச் சுண்டி இந்தியா வென்றதாக அறிவித்தார்கள். கூட்டம் கொந்தளித்துவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் கூட்டுச் சாம்பியன். விதி தெரிந்த ஒருவர் அந்த மேஜையில் இருந்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது.

என் மகள் எட்டாம் வகுப்பு. ஆண் பிள்ளைகளோடுதான் ஆடுகிறாள், ஏனென்றால் இங்கே வேறு வழியில்லை. வாத்தியார், விடுதித் தேர்வு பெண்களுக்கும் உண்டா?

பி.இ.டி_வாத்தியார்

உண்டும்மா. விளையாட்டு மேம்பாட்டு ஆணைய விடுதிகளுக்கு 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கிறார்கள். கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், விண்ணப்பம் ஆன்லைன். எட்டாம் வகுப்பு என்றால் இதுதான் சரியான நேரம். பிறப்புச் சான்றும் ஆதாரும் ஒரே தேதி காட்டுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஸ்டட்ஸ் போட்டு ஓடிப் பழக வைக்கவும். மணலில் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள் புல்லில் இறங்கியதும் முதல் பத்து நிமிடம் பந்தை நிறுத்த முடியாமல் திணறுவார்கள். மணலில் பந்து தானே நிற்கும், புல்லில் நாம்தான் நிறுத்த வேண்டும். தேர்வில் அந்தப் பத்து நிமிடம்தான் பார்ப்பார்கள்.

தொண்டி_லெஃப்ட்பேக்

ஒரு சின்ன மறுப்பு, கோபப்படாதீர்கள். சாஃபை வைத்து அளக்கிறோமே, அது சரியா? ஏழு நாடுகள். அதில் நாலு நாட்டின் மக்கள்தொகை நம்ம மாநிலத்தை விடக் குறைவு. 2019இல் மேற்கு வங்கத்தின் கல்யாணியில் இறுதி ஆட்டத்தையே 7-0 என்று முடித்தோம். உண்மையான பரீட்சை ஆசியாவில். 2018இல் பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸின் அணி 16 வயது ஆசியக் கோப்பையில் காலிறுதி வரை போனது. தென்கொரியாவிடம் ஒரே கோல், 0-1. அதை வென்றிருந்தால் விளையாடித் தகுதி பெற்று உலகக் கோப்பைக்குப் போயிருப்போம்.

காக்கா_கீழக்கரை

அளவுகோல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு பையன் வெளிநாட்டு மண்ணில், தேசிய கீதம் பாடி, எதிரிக் கூட்டத்துக்கு முன்னால் பெனால்டி அடிக்கிற முதல் இடம் இதுதான். நேற்று அந்த நாலு பேரும் அடித்ததைப் பார்த்தேன். ஒருவன் கூடக் கோல்கீப்பர் முகத்தைப் பார்க்கவில்லை.

பாம்பன்_பாலத்தடி

எல்லாருக்கும் நன்றி. ஆளாளுக்கு ஒன்று சொல்லி முடித்துவிட்டால் அடுத்த சாஃப் வரைக்கும் இழை தூங்கும். அதனால் ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். மே மாதம் பள்ளி விடுமுறை. அப்பாக்கள் கரையில், பிள்ளைகள் கரையில். அந்த நேரத்தில் 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு லீக். நாக்-அவுட் வேண்டாம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை. எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். செவன்ஸ் கமிட்டிக்காரர்கள்தான் நடத்த முடியும், மைக், லைட், ஆள்பலம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

செவன்ஸ்_பைத்தியம்

நாங்கள் ரெடி. பரிசுப் பணம் கிடையாது என்று சொன்னால் கமிட்டியில் இரண்டு பேர் முகம் வாடும், பார்த்துக்கொள்கிறோம். இடம்?

தங்கச்சிமடம்_வல்லம்

உச்சிப்புளிப் பக்கம் ஒரு பொட்டல் இருக்கிறது. சம தரை. ஆனால் முழுக்க சீமைக்கருவேலம். போன வருடம் அங்கே ஆடப்போய் ஒரே சாயங்காலத்தில் பந்து எல்லாம் முள் குத்திப் போச்சு. ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுப் பந்து முட்டை மாதிரி ஆகிவிட்டது, அடித்தால் அதற்கு இஷ்டமான பக்கம் போகும். மேலே வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மழைக்கு மறுபடி தழைத்துவிடும்.

பாம்பன்_பாலத்தடி | 1 டிசம்பர் 2025

இழையை மேலே கொண்டு வருகிறேன். நேற்று அகமதாபாத்தில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் நம்ம 17 வயது அணி ஈரானை 2-1 என்று ஜெயித்துவிட்டார்கள்! முதலில் ஒன்று வாங்கி, அப்புறம் இரண்டு போட்டு. அதே பிபியானோவின் பையன்கள். அடுத்த வருடம் சவூதியில் 17 வயது ஆசியக் கோப்பை ஆடப் போகிறார்கள். தொண்டி அண்ணே, நீங்கள் கேட்ட பரீட்சை இதுதானே?

தொண்டி_லெஃப்ட்பேக்

இதேதான். ஈரானை இந்த வயதில் அடிப்பது சாதாரணம் இல்லை. இரண்டாம் பாதியில் நம்ம பேக் லைன் நின்ற விதத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

மண்டபம்_லாத்தா

மகளுக்கு ஸ்டட்ஸ் வாங்கியாச்சு. சான்றிதழ் தேதியும் சரியாக இருக்கிறது. முதல் நாள் கொப்புளம், இப்போது ஓடுகிறாள்.

செவன்ஸ்_பைத்தியம்

கருவேல மர விஷயம்: இடத்துக்காரரிடம் பேசிவிட்டோம், தடைக்காலம் முடியும் வரை ஆடிக்கொள்ளச் சொன்னார். மரத்தைப் பிடுங்கிக் கொடுத்தால் அவருக்கும் லாபம்தானே. ஜே.சி.பி. தெரிந்த பையனுடையது, வாடகை வேண்டாம், டீசல் மட்டும் போடச் சொல்கிறான். மழை நின்று தரை காய்ந்ததும், பொங்கலுக்குப் பிறகு வருகிற முதல் ஞாயிறு காலை ஆறு மணி. அரிவாள், கையுறை இருப்பவர்கள் கொண்டு வரவும். செருப்புப் போட்டு வராதீர்கள், முள் அடிவரை ஏறும்.

காக்கா_கீழக்கரை

டீசல் என் கணக்கு. மன்னார் தம்பி, கூழ் செய்முறையை இங்கே போட்டுவிடுங்கள், அன்றைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு ஆள் நிறைய வரும்.

மன்னார்க்காரன்

ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா) கிடைக்குமா அங்கே? கிடைத்தால் மிச்சத்தைச் சொல்கிறேன்.